மறைவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்று அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சக்திவேல் மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்தில் இருந்த கலர் லேபுக்கு வந்துவிட்டார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வரிசை கிடையாது என்ற நம்பிக்கையில் எல்லோரையும் தாண்டி உள்ளே போனார். வரிசையில் நின்ற எவரும் அவரைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்கள்.

உள்ளறையில் கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். லேபில் நிறம் பார்க்கிற வேலை அவளுடையது. சுவர் சாம்பல் நிறம். திரைக்கு மேலும் பக்கத்திலும் கறுப்பு அட்டைத் தடுப்பு. சட்டையின் நிறம் திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக அவள் வேலைக்குச் சாம்பல் நிற டீஷர்ட்டில்தான் வருவாள். பார்க்க அவளும் சுவரின் ஒரு பகுதி போலவே இருந்தாள்.

"பெரிசா போடணும்மா. நாலடிக்கு மூணடி. சுவத்துல மாட்டறதுக்கு."

"யாரோட படம் சார்?"

"அப்பா."

"எப்ப சார் தவறினாங்க?"

சக்திவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இல்ல."

கீர்த்தி மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாண ஆல்பங்களோடு நான்கு வருடம் வாழ்ந்தவள். மனிதர்களைப் பற்றிப் புதிதாக வியக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

சக்திவேல் போனை நீட்டினார். குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இவருக்கு அனுப்பி, சுற்றி வந்த படம். அதில் அப்பா இருப்பதை உறுதி செய்ய அவரே ஒரு முறை சுட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

"இது ரொம்பக் கை மாறியிருக்கு சார். ஒவ்வொரு தடவை அனுப்பறப்பவும் தேஞ்சுக்கிட்டே வரும். இதுல உங்க அப்பா ஒரு தபால்தலைக்குத்தான் தேறுவாரு."

"இப்ப ஏதோ ஏஐ வந்திருக்காமே. அதுல பெரிசாக்க முடியாதா?"

கீர்த்தி பெரிதாக்கிக் காட்டினாள். திரையில் வழவழவென்று ஒரு கிழவர் வந்தார். வாய் நிறையப் பல் வைத்துக்கொண்டு, வடநாட்டு சீரியலில் வரும் நல்ல மாமனார் போலச் சிரித்தார்.

"யாரு இது?"

"உங்க அப்பாதான். தெரியாத இடத்தை மெஷின் அதுவா கற்பனை பண்ணிக்கும்."

"அப்பாவுக்கு முன்பல் ரெண்டு கிடையாது. அதோட அவரு சிரிக்க மாட்டாரு."

"அது மெஷினுக்குத் தெரியாது இல்ல சார். கேமராவுலேருந்து நேரா எடுத்த பைல் எங்கயாவது இருந்தா கொண்டாங்க."

அப்படி ஒன்று இருந்தது. சக்திவேலின் மகள் மதுமதிக்குப் போன வருடம் வடபழனியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அந்த போட்டோகிராபரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாலைக்குள் மேடைப் படம் வந்து சேர்ந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவர்களுடைய பேச்சிமுத்து பட்டு மாளிகை இருக்கிறது. கல்லாவுக்கு ஒரே நாற்காலி, தேக்கு. அதில் முதலில் உட்கார்ந்தவர் தாத்தா பேச்சிமுத்து. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்தவர். இப்போது நாற்காலிக்குப் பின்சுவரில், சட்டத்துக்குள், சிவந்த உதட்டோடு இருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்தக் காலத்தில் வண்ணம் பூசியவர் உதட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை மாட்டி விளக்கு ஏற்றிய அதே முகூர்த்தத்தில் அவருடைய மகன் அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சில விதிகளைச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அந்தச் சுவர். சுவரில் ஏறியவர் மறுபடி கல்லாவில் உட்காரக் கூடாது. விளக்கு ஏற்றிய படத்தை இறக்கவும் கூடாது. இறக்கினால் படத்தில் இருப்பவரின் ஆயுசுக்கு ஆகாது. கடைசி இரண்டிலும் உள்ள கோளாறை எந்தப் பிணமும் வந்து சுட்டிக் காட்டாததால் அவை அப்படியே நிலைத்துவிட்டன.

சக்திவேலுக்கு ஐம்பது கடந்துவிட்டது. முப்பது வருடமாக நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. அந்த வாரத்தோடு ஆனி முடிகிறது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, தள்ளுபடியைத் தவிர. எனவே அப்பா ஆனிக்குள் சுவருக்கு வந்துவிட்டால் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சக்திவேல் உட்கார்ந்து சமாளிக்கலாம். டாக்டர் தரப்பில் எல்லாம் நம்பிக்கையாகவே இருந்தது.

மறுநாள் கீர்த்தி மேடைப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். ஒரு பக்கம் அய்யாதுரை, அவரை அடுத்து சக்திவேல், அடுத்து சக்திவேலின் மனைவி முத்துலட்சுமி. மண்டபத்துக்காரர்கள் மேடையில் வாடாமல்லி நிறத்தில் விளக்கு போட்டிருந்ததால் அய்யாதுரையின் முகத்தில் பாதி கத்தரிக்காய் போல இருந்தது.

"வேட்டியை வெச்சுத்தான் சார் சரிபண்ணணும். வேட்டி வெள்ளையாச்சுன்னா மத்த நிறமெல்லாம் தன் இடத்துக்கு வந்துடும்."

வேட்டி வெள்ளையானது. கத்தரிக்காய் மறைந்து அய்யாதுரை வந்தார். முறைத்தார்.

"கண்ணுல கொஞ்சம் அன்பு கொண்டு வர முடியுமாம்மா?"

"அன்பு கூட்டறதுக்கு பட்டன் இல்ல சார். நெத்திக் கோட்டை வேணா குறைக்கலாம்."

"பாதியாக்கிடு. கீழ தோற்றம், மறைவு போடணும்."

தோற்றத்துக்குத் தேதி சொன்னார். மறைவுக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு கோடு போட்டு விடு. அப்புறம் அதே தங்கக் கலர்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்."

"மாசத்துக்கு எவ்வளவு இடம் விடட்டும்?"

சக்திவேல் யோசித்தார். "ஆனி வர்ற அளவுக்கு விடு. ஆடின்னாலும் அதே ரெண்டெழுத்துதான்."

கீர்த்தி இடம் விட்டாள். "சார், ஸ்கிரீன் வெளிச்சத்துல காட்டும், பேப்பர் மையில காட்டும். ரெண்டும் ஒண்ணா இருக்காது. முகத்தை மட்டும் ஒரு துண்டு பிரிண்ட் போட்டுத் தரேன். நேர்ல வந்து பகல் வெளிச்சத்துல பாத்து ஓகே சொல்லுங்க."

"நான் ஆஸ்பத்திரியப் பாப்பேனா, கடையப் பாப்பேனா? வீட்டம்மா நம்பர் தரேன். வாட்ஸப்புல அனுப்பிடு."

முத்துலட்சுமியின் போன் திரை இரவும் பகலும் மஞ்சளாகத்தான் இருக்கும். திரையின் நீல வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும் என்று ஒரு யூடியூப் வைத்தியர் சொன்னதிலிருந்து அப்படி வைத்திருந்தாள். அதில் பால் மஞ்சள் பாலாகத் தெரியும். அவளுக்கு அது பழகிவிட்டது.

கீர்த்திக்கு உடனே குரல் செய்தி வந்தது. "ஏம்மா, மாமா மஞ்சளா இருக்காரு. காமாலைல போன மாதிரி இருக்கு. அவருக்கு நெஞ்சுதான் பிரச்சினை. மஞ்சளக் குறை."

கீர்த்தி திரும்பக் கூப்பிட்டாள். "மேடம், உங்க போன்ல கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடிகூட போன மாசம்தான் மாத்தினேன்."

"அதில்ல மேடம், போன் ஸ்கிரீன்..."

"நான் பொறந்ததுலேருந்து மாமாவைப் பாக்கேன். எங்க அம்மாவோட கூடப் பொறந்தவரு. அவரு நெறம் எனக்குத் தெரியாதா?"

வாடிக்கையாளர் தெய்வம் என்று லேப் வாசலில் எழுதியிருந்தது. கீர்த்தி மஞ்சளைக் குறைத்தாள். இன்னும் குறை என்றாள் முத்துலட்சுமி. குறைத்தாள். இன்னும் ஒரு பொட்டு என்றாள். அதையும் எடுத்ததும் முத்துலட்சுமிக்குத் திருப்தி வந்தது. "இப்பதான் மாமா மாமா மாதிரி இருக்காரு."

கீர்த்தியின் திரையில் அவர் மாமா மாதிரி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்த மாமா மாதிரி இருந்தார். அவள் அச்சுக்கு அனுப்பினாள்.

படத்தைத் தூக்கிப் போகச் சக்திவேலோடு வந்தவர் சின்னப்பையன். பெயர்தான் அது, வயது அறுபதுக்கு மேல். பட்டினப்பாக்கத்துக்காரர், அய்யாதுரையோடு கடையில் கிழடு தட்டியவர். லேப் வாசலில் வெயிலில் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது," என்றார் சக்திவேலிடம். "கடல்ல ரெண்டு நாள் கெடந்து கரை ஒதுங்குன மாரி கீறாரு."

சக்திவேலும் பார்த்தார். அப்பா நீலமாக இருந்தார். வேட்டி வானம் போல இருந்தது. மறுபடி அச்சடித்தால் ஆனி முடிந்துவிடும்.

"கடை லைட்டுக்குச் சரியாயிடும்," என்றார்.

சரியாகிவிட்டது. ஜரிகை மின்ன வேண்டும் என்பதற்காகக் கடை முழுக்க மஞ்சள் விளக்கு. பட்டுக் கடை விளக்கின் கீழ் எந்த நிறமும் நல்ல நிறம்தான். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும் வரை. அந்த வெளிச்சத்தில் அய்யாதுரைக்கு உயிர் வந்தது போலவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு உண்மையாகவே உயிர் இருந்தது. ஆனி கடைசி நாள் காலையில் சக்திவேல் போன் செய்தபோது நர்ஸ், "ஸ்டேபிளா இருக்காரு சார்," என்றாள். அந்தச் சொல் அவரை மிகவும் புண்படுத்தியது. ஜோசியரிடம் ஓடினார். மெஷினில் இருக்கும் உயிர் பாதி போன உயிருக்குச் சமம், பாதிக்கு விளக்கு ஏற்றலாம், முழுதும் போனதும் இன்னொரு திரி போட்டுக்கொள்ளலாம் என்று ஜோசியர் வழி சொன்னார். பதினொரு மணிக்குப் படம் ஏறியது. சந்தன மாலை போட்டார்கள். விளக்கு ஏற்றினார்கள். சக்திவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவர் கால் வலிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சேல்ஸ் பெண்கள் அதை அப்பாவுக்கானது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆடி பிறந்தது. அப்பா மெஷினை விட்டு வெளியே வந்தார். பிறகு கஞ்சி கேட்டார். பிறகு கஞ்சியில் உப்பில்லை என்றார். பிழைத்துவிட்டார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறுதியானது. வீட்டுக்கு வந்த மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்விட்டார்.

போனவரில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. கன்னம் ஒட்டி, சட்டைக்குள் தோள் தொங்கியது. வாசலில் தள்ளுபடிக்காகப் புதிதாகச் சேர்ந்த பெண் கை கூப்பினாள். "வாங்க தாத்தா. காட்டன் வேட்டி மாடியில. லிப்ட் இல்ல, பாத்துப் போங்க."

அய்யாதுரை மாடிக்குப் போகவில்லை. கல்லாவைப் பார்த்தார். மகன் உட்கார்ந்திருந்தார். மேலே பார்த்தார். அவரே இருந்தார்.

சக்திவேல் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பில் போட நின்ற பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எப்ப எடுத்த படம்ல?"

"மதுமதி கல்யாணத்துலப்பா."

"நெத்தியில என்னமோ கொறையுதே." சற்று நேரம் பார்த்தார். "விளக்கு ஏத்தியாச்சோ?"

"ஏத்தியாச்சு."

"மறைவுக்குப் பக்கத்துல கோடு எதுக்கு?"

"டிசைன்ப்பா."

அய்யாதுரை தலையாட்டினார். "கடைக்குள்ள நெறம் தெரியாது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாங்க, பாப்போம்." அறுபது வருடமாகப் பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதைப் பார்த்தவர். எந்தப் பெண்ணையும் மனமார ஓட விட்டதில்லை.

முத்துலட்சுமிதான் பேசினாள். "வேண்டாம் மாமா. விளக்கு ஏத்தினத எறக்குனா ஆயுசுக்கு ஆகாது. நீங்க சொன்னதுதான்."

"எறக்காட்டி?"

சக்திவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எறக்காட்டி ஒண்ணுமில்லப்பா. நூறு வயசு இருப்பீங்க. கல்லாவுல மட்டும் உக்காரக் கூடாது. அதுவும் நீங்க..."

"நான் சொன்னதுதான்."

அய்யாதுரைக்கு விதிகளில் நம்பிக்கை உண்டு. ராகு காலத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்பவர். வாடிக்கையாளர்கள் உட்காரும் நீள சோபாவில் போய் உட்கார்ந்தார். பையன் ஒருவன் காகிதக் குவளையில் காபி கொண்டு வந்து கொடுத்தான். வாங்க வருபவர்களுக்கு அது இலவசம். முதலாளி அதுவரை குடித்ததில்லை. இப்போது குடித்தார். இவ்வளவு மோசமான காபியையா இத்தனை வருடம் கொடுத்தோம் என்று அவருக்குச் சிறிது பெருமையாகக்கூட இருந்தது.

தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்தார். மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சக்திவேல் காலை நீட்டி உட்கார்வார். நீட்டிய காலை லேசாக ஆட்டுவார். அந்த ஆட்டம்தான் கிழவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள், கபாலி கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னப்பையனை அழைத்துக்கொண்டு கிளம்பினார். மயிலாப்பூருக்குத்தான் போனார். படத்தின் உண்மையான நிறத்தை வழியிலேயே சின்னப்பையன் சொல்லிவிட்டார்.

அவர் உள்ளறைக்குள் நுழைந்ததும் கீர்த்திக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்து அல்ல, நெற்றிக் கோட்டைப் பார்த்து. அதைப் பாதியாக்க அவள் அவ்வளவு பாடுபட்டிருந்தாள். இங்கே முழுதாக இருந்தது.

"சார், நீங்க..."

"ஆமா. நாந்தான். என்னைய எதுக்குப் புள்ள நீலமா அடிச்ச?"

கீர்த்தி முத்துலட்சுமியின் மஞ்சள் திரையைப் பற்றிச் சொன்னாள். துண்டு பிரிண்ட் பார்க்க வரச் சொன்னதையும், யாரும் வராததையும் சொன்னாள். "தப்பு என் பேர்லயும்தான் சார். சரியா ஒண்ணு போட்டுத் தரேன். பழசை எடுத்துட்டு மாத்திடுங்க."

"எறக்காம மாத்த முடியுமா?"

அவளுக்குத் தெரிந்த அச்சுத் தொழிலில் அதற்கு வழி இல்லை.

"போவுது வுடு மொதலாளி," என்றார் சின்னப்பையன். "கிஸ்ணரு, ராமரு எல்லாம் நீலந்தான். யாரு கேக்கறா?"

அய்யாதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த மேடைப் படத்தத் தொற." திரையில் படம் விரிந்ததும் தன் பக்கத்தில் நின்றவரைச் சுட்டினார். "இவனப் போடு. அதே அளவு. அதே சட்டம்."

"கடைச் சுவத்துக்கா சார்?"

"ஆமா."

"அவரு உயிரோடதானே இருக்காரு?"

"நானும்தான் இருந்தேன்."

கீர்த்தி மவுஸைப் பிடித்தாள்.

இம்முறை வேலை முறையாக நடந்தது. கிழவர் போனைத் தொடவில்லை. அவரிடம் போனே இல்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் பார்த்தார். வேட்டி வெள்ளையானது. மேடையின் வாடாமல்லி கலைந்தது. முகத்தை மட்டும் அச்சடித்த துண்டு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய், வெயிலில் பிடித்து, திருப்பி, சாய்த்துப் பார்த்தார். "செவப்பு ஒரு நூல் கூட இருக்கு," என்றார். கீர்த்தி குறைத்தாள். அடுத்த துண்டையும் வெயிலுக்குக் கொண்டு போனார். தன் மகனின் முகத்தை அவர் அத்தனை நேரம் பார்த்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

"முகத்துல பரு, மீசை டை எல்லாம் தெரியுது சார். திருத்தட்டுமா?"

"ஒண்ணையும் தொடாத. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

முழு அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான் கீர்த்தி கவனித்தாள். "சார், இவரு கேமராவைப் பாக்கல. எல்லாரும் நேரா பாக்கறாங்க, இவரு மட்டும் பக்கத்துல உங்களைப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அய்யாதுரை திரையை நெருங்கினார். மகளின் கல்யாண மேடையில், மாலைகளுக்கும் பூக்களுக்கும் நடுவே, சக்திவேல் அப்பாவின் மூச்சை அளந்துகொண்டிருப்பது போல நின்றார்.

"முப்பது வருசமா அங்கனதான் பாக்கான்," என்றார் கிழவர். "நல்லதாப் போச்சு. என் படத்துக்கு அந்தப் பக்கமா மாட்டுனா என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாம்லா."

"வேற படம் எடுத்துக்கலாமா சார்?"

"இதான் சரி. தோற்றம் எழுது." தேதி சொன்னார். பெற்றவர் என்பதால் நேரமும் சொன்னார்.

"மறைவு?"

"கோடு போடு. அது எங்க வீட்டு டிசைன்."

அந்த லேபில் அதுவரை அவ்வளவு சுத்தமான பிரிண்ட் வெளிவந்ததில்லை. பகல் வெளிச்சத்திலும் கடை விளக்கிலும் சக்திவேல் சக்திவேலாகவே இருந்தார். கன்னத்து ரோமத்தைக்கூட எண்ணலாம். கீர்த்தி தன் தொழிலை நினைத்து மகிழ்ந்தாள். பிறகு எதற்காக மகிழ்ந்தோம் என்று நினைத்து ஒரு டீ குடிக்கப் போனாள்.

ஆடிக் கிருத்திகை அன்று சக்திவேல் விடியும் முன்பே வடபழனி கோயிலுக்குப் போயிருந்தார். மாமா பிழைத்தால் மொட்டை போடுவதாக முத்துலட்சுமி வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் அவளுடையது, தலை அவருடையது. அவர் அங்கே மொட்டைக்கு வரிசையில் நின்ற நேரத்தில் இங்கே சின்னப்பையன் ஏணியில் நின்றார்.

"ஆடி மாசம் மொதலாளி. ஆவாதும்பாங்க."

"ஆகாது. அதுக்குத்தான்."

"பெத்த புள்ள மொதலாளி."

"அவனுக்கு அந்த ஞாபகம் வந்துச்சால? விளக்க ஏத்து."

சின்னப்பையன் ஏற்றினார். முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. தடுப்பதானால் அந்த நிமிடத்தில் தடுத்திருக்கலாம்.

சக்திவேல் மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். கூட்டத்தை விலக்கி நாற்காலியில் உட்காரப் போனவர், எல்லோரும் தனக்கு மேலே பார்ப்பதைக் கண்டு திரும்பினார். சுவரில் அவரே அடர்ந்த கருமுடியோடு, மாலையோடு, கழுத்தைத் திருப்பிப் பக்கத்து நீலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"கல்லாவுல உக்காந்தவனுக்குத்தானல அந்தச் சுவரு. நீ உக்காந்தேல்லா."

"நான் உயிரோட இருக்கேன்."

"இருந்துட்டுப் போ. யாரு வேண்டாம்னா?"

சக்திவேல் மனைவியைப் பார்த்தார். அவள் விளக்கைப் பார்த்தாள். சின்னப்பையன் ஏணியை எடுக்காமல் விட்டிருந்தார்.

"எறக்கணும்னா எறக்கு," என்றார் அய்யாதுரை. "ஆயுசு உன்னோடது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சக்திவேல் ஏணியில் ஏறினார். சட்டத்தில் கை வைத்தார். ஏசிக் காற்றில் விளக்கின் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, சுருங்கி, மறுபடி நிமிர்ந்தது. அவருடைய நெஞ்சும் அதே போல ஏதோ செய்தது. பட்டுப் புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது நாற்பது பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுத்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார். இறங்கிய பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் பழக்கத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பில்லு போடறீங்களா, நாங்க அடுத்த கடைக்குப் போகட்டா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துலட்சுமி முன்னால் வந்தாள். "கூட்டம் கலைஞ்சிரும். நான் ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மெத்தையைச் சரிசெய்தாள். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள்.

அந்த ஐந்து நிமிடம் ஆவணியிலும் முடியவில்லை. அய்யாதுரையும் சக்திவேலும் சோபாவில் இரு முனைகளில் உட்கார்ந்து இலவசக் காபி குடிக்கிறார்கள். பேசிக்கொள்வதில்லை. ஒருவர் இளைத்தது இளைத்தபடி, இன்னொருவர் முடி வளராதபடி. சக்திவேலுக்கு உட்கார இடம் கிடைத்ததில் கால் வலி மட்டும் போயே போய்விட்டது.

முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு மாம்பலத்து அம்மாள் சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "ரெண்டு பேருமாம்மா? ஒரே நேரத்துலயா?"

முத்துலட்சுமி சோபாவைப் பார்த்தாள். மாமா காபியை ஊதிக்கொண்டிருந்தார். கணவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றாள். "மாமா முதல்ல. இவரு அடுத்த மாசமே."

"யாரு துணையும் இல்லாம ஒத்தையா கடையப் பாத்துக்கறீங்களே. தைரியம்தான்."

"என்ன செய்ய. உக்காந்துதானே ஆகணும்."

அந்த அம்மாள் போன பிறகும் முத்துலட்சுமியின் கண் சுவரிலேயே இருந்தது. சக்திவேலின் படத்துக்கு அடுத்து இன்னும் ஒரு படத்துக்கு இடம் இருந்தது. நாலடிக்கு மூணடி தாராளமாக வரும். திரும்பியபோது சோபாவில் மாமாவும் கணவரும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகனும் வெகு நாளைக்குப் பிறகு ஒரே பக்கம் பார்த்தார்கள்.

அவள் போனை எடுத்துக்கொண்டு ஸ்டாக் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கீர்த்தி, அந்த மேடைப் படம் இன்னும் உங்கிட்ட இருக்காம்மா?"

"இருக்கு மேடம்." கீர்த்தி பேனாவை எடுத்தாள். "அதே அளவா மேடம்?"

"பிரிண்ட் இல்ல. அதுல மூணாவதா நான் நிக்கேன்ல. என்னைய மட்டும் எடுத்துரு."

"எடுத்தா அந்த இடம் காலியா தெரியுமே."

"பின்னாடி இருக்கிற பூவ இழுத்து மூடு. அதுக்கு முன்னப் பின்ன எடுத்த படம் எதுலயாவது நான் இருந்தா அதுலயும் மூடு. ஒரிஜினல அழிச்சிரு."

"சரி மேடம். முடிச்சிட்டு வாட்ஸப்புல அனுப்பறேன். பாத்துட்டு ஓகே சொல்லுங்க."

"வாட்ஸப் வேண்டாம்," என்றாள் முத்துலட்சுமி. "நானே நேர்ல வாரேன். பகல் வெளிச்சத்துல பாத்துக்கிடுதேன்."